புவனா அக்கா நான்தான்

புவனா அக்கா என்று ஒருத்தி இந்த உலகத்திலேயே இல்லை. அம்பத்தூரிலிருந்து பட்டாபிராம் வரை அத்தனை பெண்கள் வாட்ஸ்அப்பில் ‘அக்கா, அக்கா’ என்று உருகுகிறார்களே, அந்த அக்கா நான்தான்! மீசை வைத்த, இருபத்தேழு வயதான, கல்யாணமாகாத ஆண்பிள்ளை.

இதைச் சொல்லிவிட்டால் பாதிப் பாரமாவது இறங்கும் என்று நினைத்தேன். இறங்கவில்லை. ஏனென்றால் என்னுடைய பெரிய தப்பு அதுவல்ல… அமுதா என்ற பெண் என்னை நம்பிச் சொன்ன ரகசியத்தை எடுத்து விளம்பரம் செய்தேன். அதனால் அவளுடைய படிப்பு போயிற்று.

நீங்கள் திட்டத் தொடங்குவதற்குள் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அதைச் செய்தபோது எனக்கு அப்படியொரு சந்தோஷம்! கால் தரையில் பாவவில்லை! இப்போது எழுதும்போதுகூட அந்த நாட்களை நினைத்தால் உடம்பு சிலிர்க்கிறது. வெட்கமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் சிலிர்க்கிறதே, நான் என்ன செய்ய?

நான் பிறந்தது அருப்புக்கோட்டையில். வேலை அம்பத்தூர் தொழிற்பேட்டையில், ஒரு சின்ன டிஜிட்டல் மார்க்கெட்டிங் நிறுவனத்தில். கருவிகள் என்றால் எனக்கு உயிர். எந்த விளம்பரம் யார் கண்ணில் எப்போது பட வேண்டும், எந்தப் படத்தில் விரல் ஒரு நொடி நிற்கிறது, எந்த வார்த்தையில் நகர்ந்துவிடுகிறது… எல்லாவற்றையும் திரையில் பார்த்துக்கொண்டே இருப்பேன். சோறு தண்ணீர் தேவைப்படாது.

ஆனால் வாய்? அதை மட்டும் கேட்காதீர்கள்! மீட்டிங்கில் நாலு பேர் என் பக்கம் திரும்பினால் போதும், நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். தலை நிறைய யோசனை இருக்கும், வெளியே வருவது ‘அது வந்து… அது வந்து…’ மட்டும்தான்.

எங்கள் டீமின் தலைவி ஷீலா மேடம். ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

“பிரபு, டூல்ஸ் எல்லாம் யார் வேணா கத்துக்கலாம்ப்பா. ஜனங்க பேசறதைக் கேக்கத் தெரியணும். கஸ்டமர் அவங்க வாயால என்ன சொல்றாங்களோ, அந்த வார்த்தையை அப்படியே எடுத்து அவங்களுக்கே திருப்பிச் சொல்லு. விக்குதா இல்லையான்னு அப்புறம் பாரு.”

மேடம் சொன்னது நல்ல பாடம்தான். இன்றைக்கும் அதில் குறை காண மாட்டேன். கேள் என்றுதான் அவர் சொன்னார். வேஷம் போட்டுக்கொண்டு போய்க் கேள் என்று சொல்லவில்லை. அது முழுக்க முழுக்க என் சொந்த மூளை!

அப்போது எங்களிடம் ஒரு புது வாடிக்கையாளர் வந்திருந்தார். நசரத்பேட்டைப் பக்கம் ஆலை வைத்து இட்லி, தோசை மாவு பாக்கெட் போடுகிறவர். பெண்கள் மாவைப் பற்றி என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும். இந்தப் பக்கத்து அடுக்குமாடிகளில் எல்லாம் பரவியிருந்த ஒரு சமையல் குழு கண்ணில் பட்டது. ‘பெண்கள் மட்டும்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அதைப் படித்துவிட்டுத்தான் உள்ளே போனேன்.

ஒரு புது சிம் வாங்கினேன். முகப்புப் படமாக ஒரு செம்பருத்திப் பூ. பெயர் புவனா. ஊர் நெமிலிச்சேரி. கணவருக்கு ஷிஃப்ட் வேலை, ஐந்தாம் வகுப்பு படிக்கும் ஒரு மகள். வேறென்ன வேண்டும் ஒரு பெண்ணை உருவாக்க?

ஒட்டுக்கேட்டுவிட்டு ஓடிவருவதாகத்தான் திட்டம். ஆனால் புவனா வாயைத் திறந்தாளே, அங்கேதான் எல்லாம் மாறியது! செயற்கை நுண்ணறிவிடம் கேட்டுச் சமையல் குறிப்பு வாங்குவேன். அதிலிருக்கும் புத்தக வாசனையைத் தேய்த்துப் போக்கிவிட்டு, ‘அட போம்மா, தயிரைக் கடைசியில ஊத்து’ என்று எழுதுவேன். குழுவே கலகலத்துப் போகும். என்னால் அலுவலகத்தில் ஒரு வாக்கியம் பேச முடியாது. புவனா பேச ஆரம்பித்தால் நிறுத்த முடியாது!

பிறகு குரல் கேட்டார்கள். அதற்கும் ஒரு கருவி இருந்தது, எழுதியதைப் பெண் குரலில் படித்துக் காட்டும். முதலில் செய்தி வாசிப்பது போல விறைப்பாக இருந்தது. நடுவில் ஒரு ‘ம்ம்’, ஓர் ‘ஐயோ’, ஒரு சின்னப் பெருமூச்சு சேர்த்தேன். பின்னால் குக்கர் விசில் சத்தத்தை வைத்தேன். அவ்வளவுதான், புவனாவுக்கு உயிர் வந்துவிட்டது! நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தேன், நம்புவீர்களா?

அமுதா அப்போதுதான் தனியாகச் செய்தி அனுப்பினாள். வெயில் காலத்தில் மாவு சீக்கிரம் புளித்துவிடுகிறது, என்ன செய்வது என்று கேட்டாள். சந்தடி சாக்கில் எங்கள் வாடிக்கையாளரின் பாக்கெட் மாவையும் சொல்லிவைத்தேன். அதிலிருந்து ஆரம்பித்த பேச்சு, மெல்ல மெல்ல அவள் வீட்டுக்குள் போயிற்று.

திருமுல்லைவாயிலில் தலைமுறை தலைமுறையாகப் பயிர் வைத்த குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். அவர்கள் நிலத்தில் இப்போது அடுக்குமாடி நிற்கிறது. நிலத்துக்கு ஈடாகக் கிடைத்த வீடுகளில் ஒன்றில் குடியிருக்கிறார்கள், மற்றதிலிருந்து வாடகை வருகிறது. வீட்டு மருமகள் வேலைக்குப் போக வேண்டிய அவசியமில்லை என்பது மாமியாரின் முடிவு. அமுதாவுக்கோ அரசு வேலைத் தேர்வு எழுதியே தீர வேண்டும் என்ற வெறி. கல்யாணத்துக்கு முன்னால் எழுதிக் கொஞ்சத்தில் தவறவிட்டவள்.

ஒருநாள் அவளிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. ரகசியக் குரல், ஆனால் உள்ளே சிரிப்பு.

“அக்கா, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. எங்க அத்தைக்குக் கடை மாவுன்னாலே ஆவாது. ஊட்லதான் அரைக்கணும். ஆனா கிரைண்டர் சத்தமும் தாங்காது. ஓட ஆரம்பிச்சா கிச்சன் கதவைச் சாத்திட்டு, டிவிய சத்தமா வெச்சிப்பாங்க. எட்டிக்கூடப் பாக்க மாட்டாங்க. அதான், ஊறவெச்ச அரிசி உளுந்தைக் கீழ் ஊட்டு அக்காகிட்ட குடுத்துட்டு, பதிலுக்கு நீங்க சொன்னீங்களே, அந்தப் பாக்கெட் மாவை வாங்கிக்கினு வந்துடுவேன். கிரைண்டர்ல வெறும் தண்ணி ஊத்தி ஓட உட்டுட்டுக் கீழ உக்காந்து படிப்பேன். நெஜமா அரைச்சா கை பூரா மாவு, புக்க எங்கேர்ந்து தொடறது? சத்தம் அவங்களுக்கு, நேரம் எனக்கு!”

எப்படிப்பட்ட மூளை! எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது. புவனாவாகத் தட்டினேன். “சபாஷ்டீ பொண்ணே!” என்று அந்தப் பெண் குரலில் அனுப்பினேன்.

அதற்குப் பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள், கிரைண்டர் ஓடும் நேரம் எங்களுடையதாக ஆயிற்று. நான் கேள்வி அனுப்புவேன், அவள் பதில் அனுப்புவாள். ஆறுகள், அணைகள், சட்டப் பிரிவுகள்… பதில் சரியாக இருந்தால் எனக்குத் தலைகால் புரியாது. தப்பாகப் போனால் அன்றைய டீ கசக்கும். அவள் தேறிவிட வேண்டும் என்று நான் உண்மையாகவே ஆசைப்பட்டேன். அதில் பொய் இல்லை. ஆள்தான் பொய். பொய்யான ஓர் ஆளால் உண்மையாக ஆசைப்பட முடியுமா? எனக்குத் தெரியவில்லை… நீங்களே சொல்லுங்கள்.

தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சமயத்தில்தான் மாவு ஆலைக்காரர் எங்கள் அலுவலகத்துக்கு வந்து கத்தினார். எங்கள் விளம்பரம் எல்லாம் உப்புச் சப்பில்லாமல் இருக்கிறதாம். நாங்கள் பத்து பேர் உட்கார்ந்திருந்தோம். ஷீலா மேடத்தின் முகம் வாடிவிட்டது.

“யாராவது ஏதாவது சொல்லுங்கப்பா,” என்றார்.

என் வாய் திறந்தது. நான் திறக்கவில்லை, தானாகத் திறந்தது! “சத்தம் மாமியாருக்கு, நேரம் எனக்கு!”

எல்லோரும் திரும்பினார்கள். வழக்கமாக அந்த இடத்தில் நாக்கு ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒட்டவில்லை! மூடிய சமையலறைக் கதவு, ஓடும் கிரைண்டர், கதவுக்கு வெளியே நிம்மதியாக மாமியார்… மூடியைத் திறந்தால் வெறும் தண்ணீர்! முழுவதையும் ஏற்ற இறக்கத்தோடு சொல்லி முடித்தேன். ஆலைக்காரர் மேசையைத் தட்டிச் சிரித்தார். மேடம் எழுந்து வந்து முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.

“டேய், இவ்வளவு நாளா இந்த வாயை எங்கடா வெச்சிருந்த?”

எங்கே வைத்திருந்தேன்? நெமிலிச்சேரியில்தான், புவனாவிடம். அன்றைக்குப் பேசியது புவனாவின் தைரியம், பேசப்பட்டது அமுதாவின் வார்த்தை. கைதட்டல் மட்டும் எனக்கு.

‘யார்கிட்டயும் சொல்லிடாதீங்க’ என்று அவள் சொன்னது ஞாபகம் வரவில்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். வந்தது! நன்றாகவே வந்தது. அதற்காகத்தான் பெயரை மாற்றினேன். சமையலறைக்கு வேறு நிறம் கொடுத்தேன். புத்தகத்துக்குப் பதிலாக அந்தப் பெண்ணின் கையில் காபி டம்ளரைக் கொடுத்தேன். ஆள் அடையாளம் தெரியாது, யாருக்கும் நஷ்டமில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கிரைண்டருக்குள் இருந்த தண்ணீரை மட்டும் மாற்ற முடியவில்லை. அதை எடுத்துவிட்டால் அப்புறம் வீடியோவில் என்ன இருக்கிறது?

ஆவடியில் ஒரு வாடகை வீட்டில் படமெடுத்தோம். மூடி திறக்கும் காட்சியைத் திரும்பத் திரும்ப எடுக்கச் சொன்னேன். தண்ணீர் சுழல்வதில் வெளிச்சம் பட்டு மின்னியது பாருங்கள், கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது!

வெளியிட்ட அன்றைக்கு நான் யாரோடும் பேசவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எண்கள் ஏறின… ஏறின… கண் இமைத்துப் பார்த்தால் மறுபடி ஏறியிருந்தன! ‘எங்க வீட்டுக் கதை’, ‘ஐடியா குடுத்ததுக்கு நன்றி’, ‘மாமியார் பாத்துடப் போறாங்க’ என்று கருத்துகள் கொட்டின. அந்தக் கடைசி வகைக் கருத்துகளுக்குத்தான் அதிகம் சிரித்தேன். பிறகு ஆனந்தம் தாங்காமல், அதை நானே புவனாவாகச் சமையல் குழுவில் பகிர்ந்தேன். ‘பாருங்கடி, வயிறு வலிக்கச் சிரிச்சேன்’ என்று எழுதி!

குழுவிலிருந்து எங்கெங்கோ பரவியது. அமுதா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைய கேள்விக்கும் பதில் இல்லை, அதற்கு அடுத்த கேள்விக்கும் இல்லை. படிப்பு மும்முரம் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பதுதான் எனக்கு வசதியாக இருந்தது.

வீடியோ ஓடிய ஓட்டத்தில், நேரில் போய் மக்களுக்குத் தோசை சுட்டுக் கொடுக்கலாம் என்று ஆலைக்காரர் ஆசைப்பட்டார். எங்கே போவது? வீடியோவை அதிகம் பார்த்த இடங்களை வரைபடத்தில் காட்டும் கருவி ஒன்று எங்களிடம் இருந்தது. திருமுல்லைவாயில் பளிச்சென்று தெரிந்தது. எந்தக் குடியிருப்பு என்பதை மட்டும், அமுதா பேச்சுவாக்கில் சொன்னதை வைத்து, நான் சொன்னேன். அமுதாவைத் தூரத்திலிருந்து ஒரு முறை பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை. அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை. குடியிருப்பின் வாசலில் பந்தல் போட்டு, நிறுவனத்தின் மஞ்சள் பனியன் போட்டுக்கொண்டு நின்றேன். நல்ல கூட்டம். வரிசையை விலக்கிக்கொண்டு ஓர் அம்மாள் நேராக என்னிடம் வந்தார். காதில் கல் தோடு, கையில் கூடை.

“ஏன் நைனா, அந்த கிரைண்டர் வீடியோ போட்ட கம்பெனி நீங்கதானா?”

“ஆமாம்மா! எழுதினது நான்தான்மா!” பெருமை பொங்கி வழிந்தது.

“சூப்பரா போட்டுகீற. அத்தப் பாத்ததுக்கு அப்பாலதான் எனக்கே பொறி தட்டிச்சு. எங்க ஊட்லயும் கிரைண்டர் ஓடிக்கினேதான் இருந்துச்சு. போயி மூடியத் தொறக்கறேன்… வெறும் தண்ணி! பக்கத்துல புக்க வெச்சிக்கினு உக்காந்துகீறா எங்க ஊட்டு மகராசி!”

வரிசையில் நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். இவர் அமுதாவின் மாமியார்!

“அப்பால இன்னாக்கா பண்ண?” என்று ஒருத்தி ஆவலாகக் கேட்டாள்.

“இன்னா பண்றது? கிரைண்டரத் தூக்கி ஹால்ல வெச்சிட்டேன். என் கண்ணு முன்னாலயே அரைக்கட்டும். புக்கெல்லாம் பழைய பேப்பர்காரன்கிட்ட போட்டாச்சி. பரிச்சையாவது ஒண்ணாவது!” என்றவர், சட்டென்று குரலைத் தாழ்த்தினார். “படிச்சதுகூடப் பரவால்ல, தம்பி. நேரா வந்து கேட்டிருந்தா கத்தியிருப்பேன், அப்பால உட்டிருப்பேனோ இன்னாவோ. என்னிய ஏமாத்தணும்னு அவளுக்குத் தோணிச்சே, அதான் மனசு ஆறல.”

அந்த அம்மாளை வெறுத்துவிட்டுத் தப்பிக்கலாம் என்று பார்த்தேன். முடியவில்லை. அவர் கண் கலங்கியிருந்தது.

அவருக்குப் பின்னால் ஒரு பெண் தலையைக் குனிந்துகொண்டு நின்றிருந்தாள். என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு தோசையைத் தட்டில் வைத்து அவளிடம் நீட்டினேன்.

“வேணாங்க.”

அதே குரல். அத்தனை நாள் காதோடு காதாகக் கேட்ட குரல்! ஆறுகளையும் அணைகளையும் ஒப்பித்த குரல்! அவள் ஒரு நொடி என்னை ஏறிட்டுப் பார்த்தாள். மஞ்சள் பனியன் போட்ட எவனோ ஒருவன். நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். ‘அம்மா, அவங்களைப் படிக்க விடுங்க’ என்றாவது சொல்லியிருக்கலாம். ஆலைக்காரர் முன்னால் அருவி மாதிரி கொட்டினேனே! நாக்கு மேலே போய் ஒட்டிக்கொண்டது. அவர்கள் போய்விட்டார்கள்.

அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருந்தால் தேர்வுக்கு முன்னால் ஏதாவது ஆகியிருக்குமா? நான் சொல்லவில்லை. திங்கட்கிழமை அலுவலகத்தில் எனக்குப் பதவி உயர்வு அறிவித்தார்கள், கேக் வெட்டினோம். கேக் ருசியாகத்தான் இருந்தது.

தேர்வு நாள் வந்தது. தேர்வு அறையில் வினாத்தாள் கொடுத்திருப்பார்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில், புவனாவின் போன் ஒலித்தது. அமுதாவின் குரல் பதிவு. அந்த நேரத்தில் அவளால் போனைத் தொட முடிகிறது என்றால் என்ன அர்த்தம் என்று புரிந்துவிட்டது.

“அக்கா, நானு போகல. ஹால் டிக்கெட் கையிலதான் கீது. அவரு ஒண்ணும் பேச மாட்டேங்கறாரு, அத்தைகிட்ட கேக்கவும் மூஞ்சியில்ல.” மூக்கை உறிஞ்சினாள். “நல்லா யோசிச்சிப் பாத்தேன்க்கா. கீழ் ஊட்டு அக்காவுக்குக்கூடத் தண்ணி ஊத்தி ஓட உடறது தெரியாது, உங்ககிட்ட மட்டும்தான் நானு சொன்னேன். நீங்க சொல்லியிருக்க மாட்டீங்க, அது எனக்குத் தெரியும். அப்போ என்னை மாதிரியே எங்கியோ இன்னொருத்தி கீறா, இல்ல? அவளும் தண்ணி ஊத்தி ஓட உட்டுக்கினு இருந்துகீறா. அவ கதையத்தான் எடுத்துப் போட்டுட்டாங்க. பாவம்க்கா அவ, அவ ஊட்ல இன்னா ஆச்சோ! உங்களுக்குத்தான் எல்லாரையும் தெரியுமே… அவ யாருன்னு கண்டுபிடிச்சித் தர்றீங்களா? அவகூட ஒருவாட்டி பேசணும் போலகீது.”

போனை மேசையில் கவிழ்த்து வைத்தேன். என்னைச் சந்தேகப்பட்டிருக்கக் கூடாதா? ஒரு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா? என்னைக் குற்றவாளியாக நினைக்க முடியாமல், இல்லாத ஒருத்தியை அவளே உண்டாக்கி, அவளுக்காக அழுகிறாளே!

உண்மையைச் சொன்னால் படிப்போடு சேர்த்து அவளுடைய அக்காவும் போய்விடுவாள். அதுவும் அந்த அக்கா ஓர் ஆண் என்று தெரிந்தால்? கதவைச் சாத்திக்கொண்டு அவள் பேசியதெல்லாம் ஒரு மாவு விளம்பரத்துக்காக இன்னொருவன் கேட்டுக்கொண்டிருந்தது என்று தெரிந்தால்? சொல்லாவிட்டால்… இப்படியே காலம் முழுக்க அக்காவாகவே இருப்பதா?

இனி நான் சொல்லப்போவதுதான் இருப்பதிலேயே மோசமானது. கண்ணில் நீர் காயவில்லை, அதற்குள் என் மூளை வேலை செய்யத் தொடங்கிவிட்டது! பூந்தமல்லியில் ஒருத்தி. பெயர் வசந்தி. புவனாவைவிடச் சின்னவள், கொஞ்சம் நிதானமாகப் பேசுகிறவள். கருவியில் இன்னொரு பெண் குரலும் இருக்கிறது, வேகத்தைக் குறைத்தால் பொருத்தமாக இருக்கும். ‘எங்க வீட்லயும் கண்டுபிடிச்சுட்டாங்க அமுதா’ என்று ஆரம்பிக்கலாம். எவ்வளவு ஆறுதலாக இருக்கும் அவளுக்கு! நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. துக்கத்தால் இல்லை… உற்சாகத்தால்!

வசந்தியை நான் இன்னும் உருவாக்கவில்லை. உருவாக்க மாட்டேன் என்று உங்களிடம் சத்தியம் செய்யட்டுமா? புவனாவைத் தெரிந்துகொண்ட பிறகு, என் சத்தியத்தை நீங்கள் எதைக் கொண்டு நம்புவீர்கள்?

அமுதா பதிலுக்குக் காத்திருந்தாள். நான் போனை எடுத்து, ஒரே ஒரு வரி எழுதி, அந்தக் கனிவான பெண் குரலில் அனுப்பினேன். “விசாரிச்சுப் பாக்கறேன்மா.”

உடனே பதில் வந்தது. “நீங்க இருக்கறதாலதான்க்கா நானு கீறேன்.”